கம்பத்தை நடுவது யார்? தமிழ்நாடு, புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2025 அக்டோபரில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் மின்சாரச் சட்டத் திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டது. இது முதல் முயற்சி அல்ல என்பது உங்களுக்கே தெரியும். 2020-இல் ஒரு வரைவு வந்தது. 2022 ஆகஸ்டில் மக்களவையில் ஒரு மசோதா அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், அந்த மக்களவையின் ஆயுளோடு காலாவதியானது. அதற்கு முன் 2020-21-இல் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேல் உட்கார்ந்திருந்த விவசாயிகள் வேளாண் சட்டங்களோடு சேர்த்து இந்த மின்சார மசோதாவின் வரைவையும் எதிர்த்தார்கள். அவர்கள் ஊர் திரும்பும் முன் 2021 டிசம்பர் 9 அன்று அரசு எழுதிக் கொடுத்த கடிதத்தில், தொடர்புடைய தரப்பினரோடும் விவசாய சங்கங்களின் கூட்டமைப்பான சம்யுக்த கிசான் மோர்ச்சாவோடும் பேசாமல் மசோதாவை நாடாளுமன்றத்தில் வைக்கமாட்டோம் என்ற உறுதி இருந்தது. இப்போது அதே மசோதா கொஞ்சம் உரு மாறி வந்திருக்கிறது. நீங்கள் கை தூக்குவதற்கு முன் சில விஷயங்களை உங்கள் முன் வைக்க வேண்டும் என்றுதான் இந்த மடல்.

நான் மன்னார்குடி பக்கத்தில் கொஞ்சம் நெல்லும் தென்னையும் வைத்திருப்பவன். வீட்டுக்கு ஒரு சர்வீஸ், பம்புசெட்டுக்கு ஒரு சர்வீஸ். என் தம்பி மகன் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறான். மின்சாரச் சந்தை என்று டெல்லியில் பேசப்படுவது எங்கள் குடும்பத்தில் மூன்று ஈபி கார்டுகளில் வந்து விழும்.

வரைவு சொல்வதில் மூன்று விஷயங்கள்தான் என் கவலை. ஒரே ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மின்சாரம் விற்கலாம், அவர்கள் தனியாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கும் கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் வாடகை கொடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது முதலாவது. ஒரு மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கும் பெரிய நுகர்வோருக்குக் கட்டாயம் மின்சாரம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமையிலிருந்து மின்பகிர்மான நிறுவனத்தை, கட்டணத்தைத் தீர்மானிக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விடுவிக்கலாம் என்பது இரண்டாவது. தொழிற்சாலை, ரயில்வே, மெட்ரோ ஆகியவை இன்று சாதாரண வீட்டுக்கும் விவசாயத்துக்கும் சேர்த்துக் கட்டுகிற குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்பது மூன்றாவது.

தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்ல முடியும். சேர்த்துப் படித்தால் கிடைப்பது வேறு. நன்றாகக் கட்டணம் கட்டும் வாடிக்கையாளர் புதியவரிடம் போவார். கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், அவற்றின் கடன், ஊருக்கு ஒதுக்குப்புறமாய் இருக்கும் பம்புசெட், 100 யூனிட்டுக்குள் எரிக்கும் ஓட்டு வீடு எல்லாம் பழைய வாரியத்திடமே நிற்கும். எங்கள் ஊர்ப்பக்கம் மெயின் ரோட்டில் தனியார் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிறது. ராத்திரி கடைசி டிரிப்பாக உள்கிராமத்துக்கு வருவது அரசு பஸ்தான். மெயின் ரோட்டு வசூலை எடுத்துவிட்டால் அந்தக் கடைசி டிரிப்புக்கு டீசல் போட யாரிடம் போய் நிற்பது?

இது கற்பனையான பயம் என்று அமைச்சகம் சொல்லக்கூடும். மும்பையில் நடந்ததைப் பார்க்கச் சொல்லுங்கள். 2008-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அங்கே புறநகர்ப் பகுதியில் டாடா பவர், ரிலையன்ஸ் என்று இரண்டு நிறுவனங்கள் ஒரே பகுதியில் சில்லறையாக மின்சாரம் விற்றன. ரிலையன்ஸின் கம்பி வழியாகவே டாடாவின் வாடிக்கையாளராக மாற வழி இருந்தது. மாறியவர்களில் பெரிய கடைகளும் அதிகம் எரிக்கும் வீடுகளும் முந்திக்கொண்டன. சின்ன வீடுகள் பின்தங்கின. கடைசியில் 2012-இல் மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையமே தலையிட்டு, மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளை மட்டும்தான் இனி மாற்றிக்கொள்ளலாம் என்று கட்டுப்பாடு போட வேண்டியிருந்தது. இந்தியாவிலேயே பணக்கார நகரம் அது. குடியிருப்புகள் நெருக்கமாக இருக்கும் இடம், விவசாய இணைப்பு மிகக் குறைவான இடம். அங்கேயே வசூல் நல்ல வாடிக்கையாளரைப் பொறுக்கி எடுப்பதைத் தடுக்க ஆணை தேவைப்பட்டது என்றால் திருத்துறைப்பூண்டியிலும் பேராவூரணியிலும் என்ன நடக்கும்?

விவசாயிக்கும் ஏழைக்கும் மானியம் தொடரும், மாநில அரசு மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவின்படி பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டால் போதும் என்பது அவர்கள் தரும் பதில். சட்டத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது, உண்மை. ஆனால் இன்று அந்தச் சுமையில் ஒரு பங்கைப் பெரிய தொழிற்சாலையின் கட்டணம் தாங்குகிறது. அது போனால் முழுச் சுமையும் மாநில பட்ஜெட்டில் ஏறும். ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்தின் கையில் சொந்தமாக வரி போட என்ன மிச்சம் இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடம் பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டு விழுவது எங்கே?

தமிழ்நாட்டுக்கு இது வெறும் கணக்கு அல்ல. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து 1970-இல் கோவைப் பகுதி உழவர்கள் திரண்டபோது பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால் மாட்டுவண்டி மாட்டுவண்டியாகப் போன தலைமுறை அது. 1990-இல் எல்லா பம்புசெட்டுக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது அந்த ரத்தத்தின் மேல்தான். 2003-இல் அதில் கை வைத்த அரசே அடுத்த ஆண்டு அதைத் திருப்பிக் கொடுத்ததற்கும், அதன் பிறகு எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதில் கை வைக்காமல் இருப்பதற்கும் காரணம் அதுவே.

கஜா புயலைச் சொல்லாமல் இந்த மடலை நான் எழுத முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை வழியாகப் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. தென்னை விழுந்தது, அதன் மேல் கம்பம் விழுந்தது, அதன் மேல் கம்பி பின்னிக் கிடந்தது. வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கினார்கள். எங்கள் பக்கம் வந்தவர்கள் தருமபுரிக்காரர்கள். சம்பா பயிர் நின்ற வயல், முழங்கால் சேறு, லாரி ரோட்டோடு நின்றுவிட்டது. சிமென்ட் கம்பத்தில் வடக்கயிறு போட்டு, குறுக்கே மூங்கில் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக வந்தார்கள். ஒருவர் காலில் செருப்பு இல்லை, சேற்றில் போய்விட்டது. மத்தியானம் என் மனைவி மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக் குடித்தவரிடம், "ஏந்தம்பி, இந்த ஒத்தை பம்புசெட்டுக்கு இத்தனை போஸ்ட் நடணுமா, பிறகு பாத்துக்கலாமே" என்று கேட்டாள். "இல்லைங்கக்கா, கடைசி சர்வீஸ் வரைக்கும் லைன் குடுத்துட்டுத்தான் போகணும்னு ஏஇ சொல்லியிருக்காருங்க" என்றார் அவர்.

அந்த ஒற்றை பம்புசெட்டுக்கு மாதம் வருமானம் என்று பார்த்தால் வாரியத்துக்கு என்னிடமிருந்து ஒரு பைசாவும் இல்லை. ஆனாலும் கம்பம் வந்தது. மின்சாரம் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை ஒரே நிறுவனத்தின் தலையில் இருந்ததால் வந்தது. நாளை என் ஊரில் மூன்று நிறுவனங்கள் ஒரே கம்பியில் மின்சாரம் விற்றால், புயல் அடித்த மறுநாள் காலையில் கம்பம் நடும் ஆள், அவருக்குச் சம்பளம், கம்பத்துக்குக் காசு ஆகியவை யாருடைய பொறுப்பு? வாடகைக் கட்டணத்தில் எல்லாம் அடக்கம் என்பார்கள். ஒரு லட்சம் கம்பம் ஒரே இரவில் விழும் கணக்கு எந்த வாடகையில் அடங்கும்?

ஒடிசாவுக்கு இந்த அனுபவம் நமக்கு முன்பே கிடைத்தது. 1990-களில் இந்தியாவில் மின்சாரச் சீர்திருத்தத்தின் முதல் சோதனைக்களம் அதுதான். 1995-இல் சட்டம், 1996-இல் வாரியம் பிரிப்பு, 1999-இல் பகிர்மானம் தனியார் கைக்கு. மத்தியக் கடலோரப் பகுதியை எடுத்தது ஏஇஎஸ் என்ற அமெரிக்க நிறுவனம். எடுத்த சில வாரங்களில், 1999 அக்டோபர் 29 அன்று, பெரும்புயல் வந்தது. 2001-இல் ஏஇஎஸ் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டது. ஆணையம் ஒரு நிர்வாகியைப் போட்டு ஓட்ட வேண்டியதாயிற்று. மற்ற மூன்று பகுதிகளை வைத்திருந்த நிறுவனத்தின் உரிமமும் 2015-இல் ரத்தானது. இன்று நான்கு பகுதிகளும் மறுபடி வேறொரு தனியார் கையில். இதற்கிடையே போன இருபது ஆண்டுகளை ஒடிசா மக்களுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

டெல்லியைச் சொல்வார்கள், சொல்லட்டும். 2002-இல் தனியாருக்குக் கொடுத்த பிறகு அங்கே பாதிக்கும் மேல் இருந்த மின்இழப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே வந்தது. அது பெரிய சாதனை, மறுக்கமாட்டேன். ஆனால் அதே டெல்லியில் மக்களிடம் அன்றன்று வாங்காமல் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த தொகை 27,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைக் காலவரம்புக்குள் தீர்க்கச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பது என்றால் வீட்டுக் கட்டணத்தில்தான்.

இனி எரிவாயு. மின்சாரச் சந்தையைப் பற்றிப் பேசுபவர்கள் இதைத் தனியாக ஒதுக்கி வைப்பது எனக்குப் புரிவதில்லை. இரண்டும் ஒரே குடும்பம். டெல்டாவில் எங்கள் காலுக்கடியில் இருப்பது எரிவாயு. திருமாகோட்டை, குத்தாலம், இராமநாதபுரம் வழுதூர் ஆகிய இடங்களில் உள்ள அரசு மின்நிலையங்கள் இந்தப் பக்கத்துக் கிணறுகளின் வாயுவில் ஓடுபவை. குழாய் போன வயல், வாயு எரியும் புகைபோக்கி, நரிமணம் தொடங்கி நெடுவாசல் வரை நடந்த போராட்டங்கள் எல்லாம் எங்கள் வாழ்க்கையின் பகுதி. மண் எங்களுடையது, வாயு இந்த நாட்டுடையது. விலை மட்டும் எங்கே தீர்மானமாயிற்று தெரியுமா? 2014 நவம்பர் முதல் உள்நாட்டு வாயுவின் விலையை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ரஷ்யா ஆகிய நாட்டு விலைகளோடு கட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் அங்கே விலை குறைவாக இருந்ததால் இங்கும் குறைவாகவே போயிற்று, யாரும் கவனிக்கவில்லை. பிறகு 2021 அக்டோபரில் பத்து லட்சம் வெப்ப அலகுக்கு 2.90 டாலராக இருந்தது 2022 ஏப்ரலில் 6.10, அதே ஆண்டு அக்டோபரில் 8.57 என்று ஏறியது. கிணறு அதே கிணறு, குழாய் அதே குழாய், தோண்டும் செலவிலும் பெரிய மாற்றம் இல்லை. உக்ரைனில் போர், ஐரோப்பாவில் தட்டுப்பாடு, அதனால் தஞ்சை மண்ணிலிருந்து எடுத்த வாயுவுக்கு ஓராண்டுக்குள் மூன்று மடங்கு விலை. 2023 ஏப்ரலில் அரசே அந்தச் சூத்திரத்தைக் கைவிட்டு, கச்சா எண்ணெய் விலையில் பத்து சதவீதம், ஆனால் நான்கு டாலருக்குக் கீழே போகாது, ஆறரை டாலருக்கு மேலே ஏறாது என்று வரம்பு கட்டியது. பழைய எண்ணெய், எரிவாயு வயல்களின் வாயுவுக்குத்தான் அந்த வரம்பு என்றாலும், நல்ல முடிவு. சந்தைக்கு விட்டதை வரம்புக்குள் கொண்டுவர எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதையும் மறக்கக் கூடாது.

மின் நிறுவனங்கள் அன்றாடம் மின்சாரம் வாங்கி விற்கும் பரிமாற்றச் சந்தையிலும் 2022-இல் அதுவே நடந்தது. 2022 மார்ச்சில் வெயில் முந்திக்கொண்டது, நிலக்கரி கிடைக்கவில்லை, இறக்குமதி வாயு தொட முடியாத விலைக்குப் போனது. சந்தையில் யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. மத்திய ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரலில் 12 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது, அடுத்த ஆண்டு அது 10 ஆனது. அப்போது நாடு முழுவதும் சுமார் 25,000 மெகாவாட் அளவுக்கு வாயு மின்நிலையங்களைக் கட்டிவைத்திருந்தோம். பெரும்பாலானவை வாயு விலை கட்டுபடியாகாமல் சும்மா நின்றன.

பிரிட்டன்தான் இந்த வழிக்கு முன்னோடி. வீட்டு வாயுவுக்கும் மின்சாரத்துக்கும் 1990-களின் கடைசியிலேயே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்துவிட்டது. 2021-இல் வாயு விலை ஏறத் தொடங்கியதும், முன்கூட்டியே வாங்கி வைக்காமல் அன்றாடம் வாங்கி விற்ற சின்னச் சின்ன நிறுவனங்கள் சரசரவென்று சாய்ந்தன, ஏறக்குறைய முப்பது. பல்ப் என்ற நிறுவனத்திடம் மட்டும் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. அதை அரசே பணம் போட்டு நடத்த வேண்டியிருந்தது. சாய்ந்த நிறுவனங்களின் வாடிக்கையாளரை வேறு இடத்துக்கு மாற்றிய செலவு எல்லா வீட்டு பில்லிலும் சேர்ந்தது, நிறுவனத்தை மாற்றாமல் இருந்தவர்களின் பில்லிலும்தான். விலை குறையும்போது லாபம் விற்பவருக்கு, ஏறும்போது நஷ்டம் ஊருக்கு என்பது அங்கே நடந்து முடிந்த கதை.

நான் சந்தையே வேண்டாம் என்பவன் அல்ல. தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் முளைத்ததற்குத் தனியார் முதலீடு காரணம். கோவை, திருப்பூர் மில்கள் தங்களுக்கென்று காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்ததால் 2012 மின்வெட்டுக் காலத்தில் பல ஆயிரம் பேருக்கு வேலை போகாமல் இருந்தது. பகலில் சூரியமின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது பரிமாற்றச் சந்தையில் வாங்குவது வாரியத்துக்கே லாபம். நம் வாரியம் குறையே இல்லாதது என்றும் சொல்லமாட்டேன். கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிக் கிடக்கிறது. கள ஊழியர் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலி. 2010-இல் வாரியத்தை ஒருமுறை பிரித்தார்கள், 2024-இல் மறுபடி பிரித்தார்கள். பெயர்ப் பலகை மாறிய அளவுக்குக் கம்பத்தடியில் ஆள் கூடவில்லை. 1990-களில் தனியார் மின்நிலையங்களோடு போட்ட ஒப்பந்தங்களில், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் என்று ஒப்புக்கொண்டதன் பாரம் பல ஆண்டுகள் நம் கட்டணத்தில் இருந்தது. அதுவும் தாராளமயத்தின் பெயரால் வந்ததுதான். மகாராஷ்டிரத்தில் அமெரிக்க நிறுவனமான என்ரானின் தாபோல் மின்நிலையம் கட்டணத் தகராறில் 2001-இல் மூடிக்கிடந்த கதையை இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லை.

பல்லடத்தில் தறி ஓட்டும் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சலுகை எல்லாம் ஒரு மெகாவாட் ஆலைக்குத்தான். அவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். அவனுக்கு முழு மானியமும் கிடையாது, சந்தையில் பேரம் பேசும் பலமும் கிடையாது. பெரிய ஆலை வெளியே போனால் வாரியத்தின் நிலைச்செலவு பங்கு பிரிந்து விழுவது அவனைப் போன்றவர்கள் தலையில். சோமனூரிலும் பல்லடத்திலும் கூலி உயர்வுக்கு மாதக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடுபவர்கள் யூனிட்டுக்கு இன்னும் ஒரு ரூபாயை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

புதுச்சேரி உறுப்பினர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள். 2020 மே மாதம் ஒன்றியப் பிரதேசங்களின் மின்பகிர்மானத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். தாத்ரா, டாமன் 2022-இல் போனது, சண்டிகர் 2025 பிப்ரவரியில் போனது. புதுச்சேரியில் 2022-இல் மின்துறை ஊழியர்கள் வேலையை நிறுத்தி, மக்களும் தெருவில் இறங்கினார்கள்.

மின்சாரம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலத்தைக் கேட்காமல் இதை முடிக்கக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் கட்சி பார்க்காமல் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். மசோதா அவைக்கு வந்தால் நேரே வாக்கெடுப்புக்கு விடாமல் நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் குழு தமிழ்நாட்டுக்கு வந்து, சென்னையில் ஒரு ஹோட்டல் அரங்கில் மட்டும் அல்லாமல், பட்டுக்கோட்டையிலும் பல்லடத்திலும் உட்கார்ந்து கேட்க வேண்டும். வரைவைத் தமிழில் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

கம்பியைப் பங்கிடுவது என்று முடிவானால், அந்தப் பகுதியில் மின்சாரம் விற்க வரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கிராமத்து இணைப்பு, 100 யூனிட் வீடு, பம்புசெட் ஆகியவற்றில் சரிபாதிப் பங்கு கட்டாயம் என்று சட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள், விதியில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு மறுகட்டமைப்பு நிதி, விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இவ்வளவு என்று எல்லா நிறுவனமும் கட்டுவதாக இருக்க வேண்டும். பெரிய நுகர்வோருக்கான கடமையை நீக்கும் பிரிவை எதிர்த்து வாக்களியுங்கள். அவர்கள் வெளியே போனால் அவர்கள் கட்டும் குறுக்கு மானியமும் அவர்களோடு போய்விடும். குறுக்கு மானியத்தை ஐந்தாண்டில் நீக்குவதாக இருந்தால், அதற்கு ஈடான தொகையை ஒன்றிய அரசு எத்தனை ஆண்டுக்கு, எந்தக் கணக்கில் தரும் என்று அமைச்சரிடம் அவைக் குறிப்பில் ஏறும்படி பதில் வாங்குங்கள். உள்நாட்டு வாயுவின் உச்சவரம்பை மின்நிலையங்களுக்குத் தளர்த்தக் கூடாது என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

வாக்களிப்பதற்கு முன் உங்கள் தொகுதியில் ஒரு லைன்மேனையும் ஒரு தறிக்காரரையும் ஒரு பம்புசெட் விவசாயியையும் கூப்பிட்டு இந்த வரைவைப் பிரிவு பிரிவாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறதோ, அதை எங்களுக்கும் எழுத்தில் தாருங்கள். எங்கள் ஊர் கூட்டுறவுச் சங்க வாசலில் அதை ஒட்டிவைக்க நானே ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்து மின் நுகர்வோர் ஒருவர்